பச்சை இலை பாட்டில்: பெங்களூரில் விஜயா எண்ணெய் வாங்குமுன்

டிஸ்பென்சரி என்றதும் நம்மில் பலருக்கு இஎஸ்ஐ டிஸ்பென்சரிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் இன்று அந்தச் சொல் கஞ்சா விற்கும் கடையைக் குறிக்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் மகன், "இங்க கடையிலயே கிடைக்குதும்மா, முட்டி வலிக்கு நல்லா கேட்குதாம்" என்று போனில் சொல்கிறான். பெங்களூர் அல்சூரில் இருக்கும் அம்மா இணையத்தில் தேடினால், விஜயா என்ற கஞ்சா இலை எண்ணெய் உட்பட, பச்சை இலை படம் போட்ட பாட்டில்கள் வரிசை கட்டி வந்து நிற்கின்றன. அவன் பார்த்த கடையும் அவர் பார்க்கும் பாட்டிலும் ஒன்றில்லை. அங்கே நோயாளிகளுக்கு ஒன்று, மற்ற எல்லோருக்கும் ஒன்று என இரண்டு வரிசை இருக்கிறது. இங்கே இருப்பது மருத்துவ வரிசை ஒன்றுதான். ஆனால் இங்குள்ள பல விற்பனைத் தளங்கள் அந்த மற்ற வரிசையின் பாணியில் பேசி விற்கின்றன. குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

நியூ ஜெர்சியையே எடுத்துக்கொள்வோம். பொது விற்பனை தொடங்கியது 2022 ஏப்ரல் 21 அன்று. அதுவரை நோயாளிகளுக்கு மட்டும் விற்றுவந்த சில கடைகள்தான் அன்று மற்றவர்களுக்கும் கதவைத் திறந்தன. ஒரே கட்டடம், ஒரே செடி. பொது வரிசையில் நிற்பவர் 21 வயது நிரம்பியதற்கான அடையாள அட்டையைக் காட்டினால் போதும். ஒரு தடவைக்கு ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் வாங்கலாம், வரியும் கட்ட வேண்டும். மருத்துவ வரிசையில் நிற்பவருக்கு மருத்துவர் சான்று கொடுத்து, மாநிலத்தில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். அவருக்கு 30 நாளுக்கு 3 அவுன்ஸ் வரை உண்டு, விற்பனை வரி கிடையாது. பொது வரிசை எவ்வளவு நீண்டாலும் நோயாளி காத்திருக்கக் கூடாது என்பதும் அந்தக் கடைகளுக்கு நிபந்தனை.

வயதும் வரியும் எளிதில் கண்ணில் படும். அலமாரிதான் முக்கியம். பொது வரிசைக்கான சரக்கில் போதை தரும் டிஎச்சி சதவீதமும் பழச்சுவையும்தான் பெரிய எழுத்தில் இருக்கும். மருத்துவ வரிசையில் கேட்கப்படுவது மாத்திரை, அளந்து ஊற்றும் எண்ணெய், போதை தராத சிபிடி அதிகமுள்ள 20:1 கலவை போன்றவை. இவை மெதுவாகத்தான் விற்கும். அதனால் பொது விற்பனை வந்த பிறகு தங்கள் மருந்து அலமாரியிலிருந்து காணாமல் போய்விட்டது என்பது நோயாளிகள் அடிக்கடி சொல்லும் குறை. கவுன்டரில் நிற்பவர் யார் என்பதும் மாறும். கனெக்டிகட் மாநிலத்தில் மருத்துவக் கடைகள் தொடங்கியபோது, உரிமம் பெற்ற மருந்தாளுநர் இருந்தாக வேண்டும் என்பது விதி. பொதுக் கடையின் விற்பனையாளருக்குச் சரக்கு தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி பெங்களூர். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூத்த, காய்த்த நுனிகளை. நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. இலையை அரைத்துச் செய்யும் பாங்கு அதனால்தான் தப்பியது. 2022-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் ஒரு ஜாமீன் ஆணையில் இதையே சொன்னது. இலைச் சாற்றில் செய்யும் மருந்துக்கு ஆயுர்வேதப் பெயர் விஜயா. ஆயுஷ் உரிமத்தின் கீழ் தயாராகிறது. மருந்துச் சட்டத்தின் நச்சுப்பொருள் பட்டியலான இ-1-ல் இந்தச் செடி இருப்பதால், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் லேபிளில் இருந்தாக வேண்டும். அது இல்லாத பாட்டிலைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். 2020-ல் கோரமங்களாவில், இந்தியாவின் முதல் மருத்துவக் கஞ்சா கிளினிக் என்ற அறிவிப்போடு ஒன்று திறந்தது. இன்று பெரும்பாலான விற்பனை வீடியோ ஆலோசனையும் கூரியரும்தான்.

பச்சை இலை படம் போட்டு வருவதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று ஹெம்ப் விதை எண்ணெய், அதாவது கஞ்சாச் செடியின் விதையிலிருந்து எடுப்பது. அது உணவு. லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண் இருக்கும், டிஎச்சி ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நல்லெண்ணெய் மாதிரி சாப்பாட்டில் ஊற்றிக்கொள்ளலாம். வலிக்கு இதை வாங்குவது பணத்துக்குக் கேடு. மற்றது விஜயா இலைச் சாறு. ஆயுர்வேத மருந்து என்ற வரியும் தயாரிப்பு உரிம எண்ணும் இருக்கும். 'ஹெம்ப் ஆயில்' என்று மட்டும் போட்டு, எந்த எண்ணும் தெளிவாக இல்லாத பாட்டில்களும் உலவுகின்றன. அவற்றைத் தொடவே வேண்டாம்.

லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 மி.லி. பாட்டில், மேலே பெரிதாக 1500 மி.கி. என்று இருக்கிறது. வகுத்தால் ஒரு மி.லி.க்கு 50 மி.கி. ஆனால் அது சாற்றின் எடை. டிஎச்சியின் எடை கிடையாது. அந்தச் சாற்றில் டிஎச்சி 40 சதவீதம் என்று பேட்ச் ஆய்வறிக்கை சொன்னால், ஒரு மி.லி.யில் இருப்பது 20 மி.கி. புதிதாகத் தொடங்குபவருக்கு மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது இரவில் 2.5 மி.கி., வயதானவர்களுக்கு இன்னும் குறைவு. அப்படியென்றால் எடுக்க வேண்டியது 0.125 மி.லி. டிராப்பரை நிறைத்து ஒரு மி.லி.யை வாயில் விட்டால் எட்டு மடங்கு உள்ளே போகிறது.

துளிக் கணக்கையும் நம்ப முடியாது. டிராப்பரின் முனையைப் பொறுத்து ஒரு மி.லி.க்கு 20 துளியும் வரும், 30 துளியும் வரும். மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் கிடக்கும் இன்சுலின் சிரிஞ்சை எடுக்காதீர்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் 40 கோடு கொண்டது. 40 கோடுதான் ஒரு மி.லி. பத்தாவது கோட்டை 0.1 என்று படித்தால் 0.25 மி.லி. போய்விடும்.

தவறு அதிகம் நடப்பது முதல் இரண்டு மணி நேரத்தில்தான். நாக்கடியில் விட்டாலும் பெரும்பகுதி விழுங்கப்பட்டுவிடும். வேலை செய்ய ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். அரை மணியில் "ஒண்ணும் தெரியலையே" என்று இன்னொரு தடவை எடுத்தால் இரண்டும் சேர்ந்து நடு ராத்திரியில் அடிக்கும். இதயம் படபடக்கும், தலை சுற்றும், எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரியும். எழுபது வயதுக்காரர் பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள அது போதும். ஒரே அளவை இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதையும் மாற்றாதீர்கள். கொழுப்புள்ள சாப்பாட்டோடு போனால் சிபிடி நான்கைந்து மடங்கு கூடுதலாக ரத்தத்தில் சேரும். எடுத்த பிறகு வண்டி ஓட்டக் கூடாது.

ஆலோசனைச் சேவையின் தரம்தான் மிகவும் ஏமாற்றுகிறது. படிவம் நிரப்பிய ஐந்து நிமிடத்தில் சீட்டு வந்துவிட்டால், அது பொது வரிசைக்குச் சமம். நல்ல மருத்துவர் மூன்று விஷயம் கேட்டே ஆக வேண்டும். இப்போது என்னென்ன மாத்திரை, இதய நோய் உண்டா, வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு இருந்ததா. சிபிடி கல்லீரல் நொதிகளை மறிப்பதால் வார்ஃபரின் ரத்தத்தில் ஏறும், வலிப்புக்குக் கொடுக்கும் குளோபசாமின் வீரியமும் கூடும், இன்னொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் வேண்டவே வேண்டாம். வலிப்புள்ள குழந்தைக்கு இந்த எண்ணெயை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். 2018-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வலிப்பு மருந்து சுத்திகரித்த சிபிடி, உடல் எடைக்கு ஏற்ற அளவு. டிஎச்சி கலந்த விஜயா வேறு. நிம்ஹான்ஸ் போன்ற இடத்தின் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

பலன் எந்த அளவு? 2017-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை நாள்பட்ட வலிக்கும் கீமோதெரபி வாந்திக்கும் போதுமான சான்று உண்டு என்றது. 2021-ல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம், வலிக்குப் பரிந்துரைக்கும் அளவு சான்று போதாது என்றது. ஆகவே புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கு, கித்வாய் மாதிரி ஒரு மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவுக்குத் தெரிவித்துவிட்டு, கூடுதல் உதவியாக முயன்று பார்க்கலாம். மார்ஃபினை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவது கூடாது. தூக்கம் வரவில்லை, ஆபீஸ் டென்ஷன் என்பதற்காக வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. வேலையில் சேரும்போது சிறுநீர்ப் பரிசோதனை வைக்கும் நிறுவனம் என்றால் இன்னும் கவனம்: டிஎச்சி கொழுப்பில் தங்கும், தினமும் எடுப்பவருக்கு வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும்.

அப்புறம், மகன் ஊருக்கு வரும்போது கொண்டுவருவது. நியூ ஜெர்சியில் பில் போட்டு வாங்கிய, கஞ்சா கலந்த 'கம்மி' எனும் ஜெல்லி மிட்டாயும் தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறங்கினால் போதைப்பொருள் இறக்குமதிதான். அந்த மாநிலத்தின் நோயாளி அட்டை இங்கே செல்லாது. 2020-ல் உச்ச நீதிமன்றம், கலவையில் போதைப்பொருளின் அளவு மட்டுமல்ல, மொத்த எடையும் கணக்கில் வரும் என்று தீர்ப்பளித்தது. சாக்லேட்டின் சர்க்கரையும் தராசில் ஏறும். துபாய், சிங்கப்பூர் வழியாக வந்தால் ஆபத்து அங்கேயே தொடங்கிவிடும். அமெரிக்காவில் விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று: மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் கஞ்சா குற்றமே, குடியேற்ற விண்ணப்பத்தில் அது வந்து நிற்கும்.

இங்கே வாங்கிய பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓசூர் வழியாக ஊருக்குப் போவதானால் பில்லும் மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும். சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். வெயிலிலும் சூட்டிலும் டிஎச்சி சிதைந்து வீரியம் குறையும், ஆகவே அடுப்படி அலமாரி வேண்டாம். பேரக் குழந்தைகள் வரும் வீடு என்றால் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், சிரிஞ்சையும் சேர்த்து.