கொழும்புப் புழுக்கத்துக்கு எந்த ஃபவுண்டேஷன்? கொம்பினேஷன் சருமக்காரருக்கு ஓர் ஒப்பீடு

காலை பத்து மணிக்கே நெற்றி, மூக்கு, நாடி மூன்றும் எண்ணெய் வழியும். கன்னம் மட்டும் வறண்டு இழுக்கும். கொம்பினேஷன் சருமம் உள்ளவர்களுக்குத் தெரிந்த கதைதான். கொழும்பில் இது இன்னும் மோசம், ஒரே நாளில் இரண்டு காலநிலைகளைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது காற்றில் ஈரப்பதன் கூட என்பதால் வியர்வை காயாமல் முகத்திலேயே நிற்கும். அலுவலகத்துக்குள் போனதும் ஏசி கன்னத்தில் மிச்சமிருந்த ஈரத்தையும் உறிஞ்சிவிடும். முகத்தின் நிறத்தைச் சீராக்கப் பூசுகிற ஃபவுண்டேஷனில், எண்ணெய்ச் சருமத்துக்கு என்று செய்ததை வாங்கினால் கன்னம் திட்டுத் திட்டாகத் தெரியும். வறண்ட சருமத்துக்கு என்று செய்ததை வாங்கினால் மூக்கில் நிற்காது.

தினமும் வேலைக்குப் போட எது சரி என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் இங்கே பார்க்கிறேன். கலியாண வீட்டு மேக்கப் வேறு கணக்கு.

முதலில் மேபலின் ஃபிட் மீ. இதில் இரண்டு வகை, இரண்டும் 30 மில்லிலீட்டர். 'மேட் அன்ட் போர்லெஸ்' மினுங்காதது, சாதாரண, எண்ணெய்ச் சருமத்துக்கு. 'டியூவி அன்ட் ஸ்மூத்' ஈரப் பளபளப்புள்ளது, சாதாரண, வறண்ட சருமத்துக்கு. எங்கள் முகத்தில் இரண்டு சருமமும் இருப்பதால் குழப்பம் இங்கேயே தொடங்குகிறது. டியூவி, கன்னத்துக்கு அருமை. காலையில் கண்ணாடியில் பார்த்தால் மேக்கப் போட்டதே தெரியாது. ஆனால் வெயிலில் கொஞ்சம் நடந்தாலே மூக்கின் இரண்டு பக்க மடிப்பிலும் சேர்ந்து கோடாக நிற்கும், லேஞ்சியால் ஒற்றினால் பாதி துணியோடு வந்துவிடும்.

மேட் வகை அப்படி வழுக்காது. எண்ணெயை உறிஞ்சும் நுண்ணிய பவுடர்கள் அதில் இருக்கின்றன, நெற்றி மத்தியானம் வரை அடங்கியிருக்கும். குறை கன்னத்தில்தான். அதில் அற்ககோலும் உண்டு, சட்டென்று காயும். ஜன்னல் வெளிச்சத்தில் கன்னத்தைக் கிட்டப் பாருங்கள்: வறண்ட தோலின் சிறு செதில்களில் நிறம் ஒட்டிக்கொண்டு நிற்கும், சிரிக்கும்போது வாயோரத்தில் மெல்லிய வெடிப்புப் போல விழும். இதைப் போட்டுவிட்டு மேலே பவுடரும் அடித்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது எஸ்டீ லோடர் டபுள் வெயர். 1997இல் வந்தது, இன்னமும் அசையாமல் நிற்பதற்கு இதைத்தான் அளவுகோலாகச் சொல்கிறார்கள். அந்தப் பெயர் நியாயமானதுதான். வியர்வை, பஸ் நெரிசல், கைத்துடைப்பு எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் முகம் நன்றாக மூடிப்போகிறது, பாரமும் தெரிகிறது, ஏசி அறையில் மத்தியானத்துக்குப் பிறகு கன்னம் இறுகும். இரவில் வெறும் ஃபேஸ் வாஷுக்குப் போகாது, எண்ணெய் அல்லது பாம் (களிம்பு) கிளென்சர் வேண்டும். பம்ப் இல்லாத போத்தல் கிடைத்தால், சாய்த்து ஊற்றும்போது தேவைக்கு மேல் கொட்டும். இதன் ஒரு போத்தல் விலைக்கு ஃபிட் மீ பல போத்தல் வாங்கலாம். வாரத்தில் ஐந்து நாளும் போடுவதற்கு இதை நான் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்றைக்கு வேண்டுமானால் போடுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது லோரியல் இன்ஃபாலிபிள் ஃப்ரெஷ் வெயர். (மேபலினை லோரியல் 1996இலேயே வாங்கிவிட்டது, இரண்டும் ஒரே குடும்பம்தான்.) டபுள் வெயரை விட மெல்லியது, ஃபிட் மீயை விட அதிகமாக மூடும், சட்டைக் கொலரில் குறைவாகத்தான் ஒட்டும். பரு அடையாளம், கரும்புள்ளி உள்ளவர்களுக்கு இதுதான் என் தெரிவு. கெதியாகக் காய்வதால் முகம் முழுக்கப் புள்ளி வைத்துவிட்டுத் தேய்க்கக் கூடாது, பகுதி பகுதியாகப் போட வேண்டும்.

மெல்லிய நிறம் கலந்த பிபி கிரீம் லேசானது, ஆனால் நெற்றியில் நிற்காது. கொம்பெக்ட் பவுடரை மட்டும் போட்டால் கன்னத்தில் மா பூசியது போல் தெரியும். அதை மூக்குக்கும் நெற்றிக்கும் மட்டும், பையில் வைத்துக்கொண்டு.

அப்போ எது? அடையாளம் அதிகம் இல்லாத முகத்துக்கு ஃபிட் மீ மேட். ஆனால் முகம் முழுவதையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. கன்னத்துக்கு மட்டும் நல்ல மொய்ஸ்சரைசர், பிறகு முகம் முழுக்க சன்ஸ்கிரீன். அது ஊறும் வரை பொறுங்கள். சாரியைக் கட்டி முடித்துவிட்டு வந்தால் நேரம் சரியாக இருக்கும். அவசரப்பட்டால் அடியில் போட்டதும் மேலே போட்டதும் சேர்ந்து அழுக்குப் போல உருண்டு வரும். அப்புறம் ஈரமான ஸ்பொஞ்சால் நடு முகத்தில் தொடங்கி, ஸ்பொஞ்சில் மிஞ்சியதை மட்டும் கன்னத்துக்கு இழுத்துவிடுங்கள். ஃபவுண்டேஷனில் எஸ்.பி.எஃப். (வெயில் பாதுகாப்பு எண்) இருக்கிறது என்று சன்ஸ்கிரீனை விட வேண்டாம். அந்த எண் உண்மையாக வேலை செய்ய வேண்டுமானால், யாரும் பூசாத அளவு தடிப்பாகப் பூச வேண்டும்.

நிறம் தெரிவு செய்வதில்தான் எனக்கு உண்மையான மனவருத்தம். எங்கள் ஊர்க் கடைகள் சிலவற்றில் வெளிர் நிறங்கள் நிரம்பியிருக்கும். ஃபிட் மீயில் 330 டொஃபி, 338 ஸ்பைஸி பிரவுண் போன்ற கருமையான நிறம் கேட்டால் முடிந்துவிட்டது என்பார்கள். "இது போட்டா இன்னும் வெள்ளையாத் தெரிவீங்க அக்கா" என்று அதைவிட வெளிர் நிறமான 220ஐ நீட்டுவார்கள். வாங்காதீர்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாகச் சாம்பல் பூத்து நிற்கும். உங்கள் நிறம் வரும் வரை காத்திருப்பதும், வேறு கடை பார்ப்பதும் உங்கள் உரிமை. கையில் பூசிப் பார்க்காமல் தாடையோரம் பூசி, கடை வெளிச்சத்தை விட்டு வாசலுக்கு வந்து பாருங்கள். அப்படியே வெள்ளவத்தையில் ஒரு சுற்றுச் சுற்றி, தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பவும் பாருங்கள். எண்ணெய் பட்ட பிறகு சில நிறங்கள் ஒரு படி கறுக்கும், அது பூசின உடனே தெரியாது.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, இறக்குமதிப் போத்தல் எதுவும் சும்மா வாங்கிப் பார்க்கிற விலையில் இல்லை. அதனால் வாங்கும்போது இறக்குமதியாளர் பெயரும் ரூபாயில் அதிகபட்ச விலையும் உள்ள ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி விலைக்கு இன்ஸ்டாகிராமில் வருகிற ஸ்டிக்கர் இல்லாத போத்தல் போலியா, காலாவதியானதா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. திறந்த அன்றைக்கு மூடியில் திகதியை எழுதி வையுங்கள், பின்பக்கத்தில் திறந்த மூடிப் படத்துக்குள் எத்தனை மாதம் என்று போட்டிருக்கும். குளியலறையில் வைக்க வேண்டாம்.