ரஸ்ட்: ஸ்ட்ரிங் பக்கம் போகாதவரை நல்ல மொழி

பைத்தான் கொஞ்சம் தெரியும், அடுத்து ரஸ்ட் என்ற நிரல்மொழியைப் படிக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேகம், நினைவகப் பாதுகாப்பு, 2022 டிசம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் 6.1-க்குள் நுழைந்த கதை எல்லாம் அவருக்கே தெரியும். அதனால் அந்தப் புராணத்தை விட்டுவிடுகிறேன்.

எந்தத் தரவை யார், எப்போது தொடலாம் என்று சோதிக்கும் பாரோ செக்கர் உயிரை வாங்கும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். என் உயிரை வாங்கியது ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரம். ஒரு மாறியில் 40 என்று வயதைப் போடுங்கள். அதை இன்னொரு மாறிக்குக் கொடுத்துவிட்டுப் பழையதை அச்சிடுங்கள், அச்சாகும். வயதுக்குப் பதில் பெயரை ஸ்ட்ரிங்காகப் போடுங்கள். அதே மூன்று வரிதான், கம்பைல் ஆகாது, அதாவது ஓடும் நிரலாகவே மாறாது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த இட்லிப் பானையை உங்கள் அடுப்பில் தேடுகிறீர்களே என்கிறது கம்பைலர். எண் என்றால் நகலெடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரிங்கின் எழுத்துகள் ஹீப்பில், அதாவது கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டிய நினைவக இடத்தில், இருப்பதால் அதற்கு ஒரே உரிமையாளர்தான், கொடுத்தால் கைமாறிவிடும். இரண்டு பேர் உரிமை கொண்டாடினால் ஒரே இடத்தை இரண்டு முறை விடுவிக்க நேரும். காரணம் நியாயம்தான். ஆனால் முதல் வாரத்தில் வருகிறவனுக்கு இதுவா பாடம்?

போதாக்குறைக்கு ஸ்ட்ரிங் ஒரு வகை, ஸ்டர் இன்னொரு வகை. மேற்கோள் குறிக்குள் எழுதுவது ஸ்டர், பல தகவல்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் ஸ்ட்ரக்டில் வைக்க வேண்டியது பெரும்பாலும் ஸ்ட்ரிங். புதியவர்களின் நிரலைப் பாருங்கள், ஊறுகாய் மாதிரி வரிக்கு வரி குளோன், அதாவது நகலெடுக்கும் கட்டளை, இருக்கும்.

தமிழ் எழுத்தை வெட்டி ஒட்டும் ஆசை இருந்தால் இன்னும் சுவாரசியம். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் 15 என்கிறது. பைட் கணக்கு. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோட் குறிகளாக எண்ணினால் 5. நாம் எண்ணும் 3 வேண்டுமென்றால் யூனிகோட் செக்மென்டேஷன் என்ற தனி கிரேட்டை (ரஸ்ட் லைப்ரரியை) இறக்க வேண்டும். முதல் ஒரு பைட்டை மட்டும் வெட்டப் போனால், 'த'வின் நடுவில் கத்தி வைக்கிறாய் என்று சொல்லி ஓடும்போதே நிரல் நின்றுவிடும். சரி, பைத்தான் மட்டும் யோக்கியமா? பேசாமல் 5 என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அந்த 5-ஐ நம்பிப் பெயரை வெட்டி, புள்ளியைத் தொலைக்கும் மென்பொருள்கள் எத்தனை!

பிழைச் செய்தியைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். எந்த வரியில் கைமாறியது, எந்த வரியில் மறுபடி தொட்டோம் என்று இரண்டையும் கோடு போட்டுக் காட்டி, குளோன் செய்து பாரேன் என்று வழியும் சொல்கிறது. பிழை எண்ணைக் கொடுத்தால் உதாரணத்தோடு விளக்கமே வரும். ரஸ்டோடு வரும் கார்கோ என்ற கருவி பற்றிச் சொல்லவே வேண்டாம். பில்ட், டெஸ்ட், லைப்ரரி எல்லாம் அந்த ஒரே கருவியில் முடியும். கம்பைல் ஆகிவிட்ட நிரல் பெரும்பாலும் ஒழுங்காக ஓடுகிறது. கணக்குக் கோப்புகளைப் படிக்க எழுதிய சின்ன நிரலை மாதக்கணக்கில் தொட்டதே இல்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இன்று காலைதான் லைஃப்டைம், அதாவது கடன் வாங்கிய தரவு எதுவரை செல்லும் என்பதை, குறித்துக் கொடு என்று ஒரு ஃபங்ஷன் அடம்பிடித்தது. நேற்றுக் கேட்டிருந்தால் தாராளமாகப் படியுங்கள் என்றிருப்பேன். வேண்டாம் என்ற பிறகும் அவர் பிடிவாதமாக இருந்தால், அதிகாரப்பூர்வப் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 4-ஆம் அத்தியாயம் ஓனர்ஷிப், 8-இல் ஸ்ட்ரிங். அந்த இரண்டையும் முடித்துவிட்டு வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.