கண்டிக்கு ஒன்றரை நாள்: வேனா, ஆட்டோவா, வழிகாட்டியோடு நடையா?

காட்பாடியிலிருந்து அத்தையும் அத்தை மகன் குடும்பமும் வந்திருந்தார்கள். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறியவர்களில் அத்தையும் ஒருவர். ஹட்டனில் எங்கள் வீடு, அத்தை பிறந்த லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), தோட்டத்துக் கோயில் என்று நாட்கள் ஓடிவிட்டன. கடைசியில் கண்டிக்கென்று மிஞ்சியது ஒரு முழு நாளும், மறுநாள் பிற்பகல் ரயிலுக்கு முந்திய காலைப்பொழுதும்தான். "மச்சான், ஒரு வேனைப் பிடிச்சு எல்லாத்தையும் ஒரே நாள்ல சுத்திட்டா என்ன?" என்று கேட்டார் அத்தை மகன்.

ஊருக்கு யார் வந்தாலும் கண்டியைச் சுற்றிக்காட்டும் வேலை எனக்குத்தான் வரும். வேனில் இரண்டு தடவை, ஆட்டோவில் ஒரு தடவை, யாருமே இல்லாமல் பஸ்ஸில் பல தடவை போயிருக்கிறேன். வழிகாட்டி ஒருவரை அமர்த்தி நடந்தது இந்த முறைதான். அதனால்தான் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

வேனில் தொடங்குகிறேன், பெரும்பாலானோர் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஹோட்டலில் நீட்டும் அட்டையில் பட்டியல் நீளமாக இருக்கும். புத்தரின் தந்ததாதுவை (பல்லை) வைத்திருக்கும் தலதா மாளிகை, ஏரி, நகரத்தை மேலிருந்து பார்க்கும் இடம், பஹிரவகந்தைப் புத்தர் சிலை, பேராதனைப் பூங்கா, மாலையில் கண்டி நடனம். இடையில் இரத்தினக்கல் காட்சியகம், பத்திக் (batik) துணிக்கடை, வாசனைத் திரவியத் தோட்டம் என்று மூன்று வரிகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். முன்பு ஒருமுறை நாங்கள் எடுத்த வேன் எங்களை மாளிகைக்குள் முக்கால் மணி நேரம் விட்டது. இரத்தினக்கல் கடையில் அதைவிட அதிக நேரம் இருந்தோம். தேநீர் கொடுத்தார்கள், படம் போட்டுக் காட்டினார்கள், வாங்காமல் வெளியே வருவதற்குள் குழந்தைகள் சோர்ந்துவிட்டார்கள். காரணம் எளிது. அந்தக் கடைகளில் வாங்கும் பொருளுக்கு அழைத்து வந்தவருக்குக் கொமிஷன் உண்டு, வேன் வாடகை குறைவாகத் தெரிவதே அதனால்தான். குறைந்த வாடகையின் மிச்சத்தை நாம் நம்முடைய நேரத்தால் கட்டுகிறோம். ஒரே ஒரு நாள் கையில் இருப்பவருக்கு அது பெரிய விலை.

வேனை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால், ஐந்தாறு பேர் என்றால், மழை பிடித்துக்கொண்டால் வேறு வழியில்லை. அப்படியானால் முன்பணம் கொடுக்கும் முன்பே கடைகள் வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1998 ஜனவரி குண்டுவெடிப்புக்குப் பிறகு மாளிகைக்கு முன்னாலுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. எவ்வளவு பெரிய வேனில் வந்தாலும் தூரத்தில் இறங்கி, சோதனைச் சாவடி தாண்டி நடக்கத்தான் வேண்டும். வேனுக்குக் காசு கொடுத்தால் நடை மிச்சமாகும் என்ற கணக்கு, கண்டியின் நடுவிலேயே பொய்த்துப்போகிறது.

எங்களோடு அத்தை இருந்தார். எழுபது கடந்தவர், முழங்கால் சரியில்லை. அப்படியிருந்தும் நடை என்றே முடிவெடுத்தோம். மாளிகை வளாகம், தேவாலயங்கள் எனப்படும் தெய்வக் கோயில்கள், பழைய அரண்மனைக் கட்டடங்கள் எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள் நெருங்கி நிற்கின்றன. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த இந்தப் புனித நகரத்தின் இதயம் அவ்வளவு சின்னது. அத்தை முதல் பாதி எங்களோடு நடந்தார், பிறகு மர நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

வழிகாட்டியைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை உரிமம் கொடுத்தவர்கள் அடையாள அட்டை அணிந்திருப்பார்கள். நாடு முழுவதற்குமான தேசிய வழிகாட்டி, ஒரு பிரதேசத்துக்கோ ஓர் இடத்துக்கோ மட்டும் உரியவர், வண்டியும் ஓட்டி விளக்கமும் சொல்லும் சாரதி வழிகாட்டி என்று வகைகள் உண்டு. ஏரிக்கரையில் "இன்று மாளிகையில் விசேஷம், என்னோடு வாங்க" என்று சிரித்தபடி ஒட்டிக்கொள்பவரிடம் அந்த அட்டை இருக்காது. அவரோடு போனால் வந்து சேரும் இடம் அநேகமாக ஒரு கடை.

தமிழில் விளக்குகிறவர் வேண்டுமென்றால் இரண்டு மூன்று நாளுக்கு முன்பே கேட்டுவைக்க வேண்டும். நான் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: "நாயக்கர் காலத்தைப் பற்றிச் சொல்வீங்களா?" முதல் ஆள், "நேரம் இருந்தா சொல்றேன்" என்றார். இரண்டாமவர், "அதைச் சொல்லாம மாளிகையை எப்படிக் காட்டறது?" என்று திருப்பிக் கேட்டார். அவரையே அமர்த்தினோம். கூலி ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, குழுவுக்கு மொத்தமாக. ஐந்து பேர் பங்கிட்டபோது வேனில் ஆளுக்கு விழுந்திருக்கக்கூடியதைவிடக் குறைவாகத்தான் வந்தது. தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், கொஞ்சம் கனக்கும்.

காலை எட்டு மணிக்கு ஏரிக்கரையில் தொடங்கினார். முன்பு வயலாகக் கிடந்த இடத்தில் 1807இல் இந்த ஏரியை வெட்டியவன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கரையில் மேகம்போல் வளைந்து வளைந்து போகும் மதில், மாளிகை முகப்பில் எண்கோண மண்டபமாக நிற்கும் பத்திரிப்புவ, எல்லாம் அவன் காலத்தவை. கட்டடக்கலைஞன் தேவேந்திர மூலாச்சாரி. வேனில் வந்தபோது இவற்றின் முன்னால் நின்று படம் எடுத்தோம், அவ்வளவுதான். இந்தத் தடவை கதை மதுரையிலிருந்து வந்தது. கண்டி அரசர்கள் மதுரை நாயக்கர் குலத்தில் பெண்ணெடுத்தார்கள். 1739இல் வாரிசு இல்லாமல் நரேந்திரசிங்கன் இறந்தபோது, அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினான். அவனுக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ, ராஜாதி, கடைசியாகக் கண்ணுசாமி என்ற இளைஞன். கண்ணுசாமிதான் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்.

சியாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்து, பிக்குகளின் உயர்நிலைத் துறவேற்பான உபசம்பதையை 1753இல் மீட்டெடுத்தவன் கீர்த்தி ஸ்ரீ. தேவாலயங்களின் விழாவாக நடந்துவந்த பெரஹெரா ஊர்வலத்தில் தந்ததாது முன்னே போகத் தொடங்கியதும் அவன் காலத்தில்தான். சைவப் பழக்கத்தில் வளர்ந்த குலத்து அரசன் ஒருவன் பௌத்தத்தை இப்படித் தாங்கினான் என்பதை நின்று கேட்கக் கால் மணி நேரம் வேண்டும். வேன் அட்டவணையில் அந்தக் கால் மணி நேரத்துக்கு இடம் கிடையாது.

செதுக்கிய மரத்தூண்கள் நிற்கும் அரச சபை மண்டபமான மகுல் மடுவவில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கண்டி அரசை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் 1815 மார்ச் 2 அன்று இங்கேதான் வாசிக்கப்பட்டது. மன்னன் அதற்கு முன்பே பிடிபட்டிருந்தான். மறு ஆண்டு வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். "பாலாற்றங்கரையில முத்து மண்டபம் இருக்குல்ல, அதுதான் அவர் சமாதி" என்றார். அத்தை மகன் திடுக்கிட்டுப் பார்த்தார். எத்தனையோ தடவை பஸ்ஸில் அதைக் கடந்து போயிருக்கிறார், யாருடையது என்று தெரியாமலே. இங்கிருந்து அங்கே அனுப்பப்பட்ட குடும்பத்தின் பிள்ளை அவர். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

ஒன்பதரை மணிப் பூஜைக்கு மேல்மாடியில் வரிசையில் நின்றோம். அதிகாலை ஐந்தரை, காலை ஒன்பதரை, மாலை ஆறரை என்று மூன்று வேளைப் பூஜை. மாலையில் கூட்டம் நெரிக்கும், போயா (பௌர்ணமி) நாட்களில் எல்லா வேளையும் நெரிக்கும். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு ஒன்பதரைதான் சரி. பார்க்கக் கிடைப்பது பேழை மட்டுமே, தாதுவைக் காட்டமாட்டார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். இலங்கையருக்குக் கட்டணமில்லை. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள், சார்க் நாட்டவருக்குக் கட்டணம் வேறு.

பிறகு எதிர்ப்புறத்துத் தேவாலயங்கள். நகரத்தில் இப்போது நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது நாத தேவாலயம், 14ஆம் நூற்றாண்டுக் கல்வேலை. பக்கத்திலேயே பத்தினி தேவாலயம். பத்தினி யார் என்று சொன்னதும் அத்தை எழுந்து வந்துவிட்டார். நம்முடைய கண்ணகிதான். மாளிகையில் வரிசை போகும்வரை பொறுமையாக நின்றவர் இங்கே கைகூப்பிக் கண்மூடி நின்றார். நான் பார்த்த வேன் அட்டைகள் எதிலும் இந்தப் பெயர் இல்லை.

கடைசியாக, அருங்காட்சியகத்துக்குப் பின்னால் மேட்டிலிருக்கும் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் ஜோன் டொயிலியின் சமாதி. ஒப்பந்தத்தைச் செய்து முடித்த அதிகாரி 1824இல் இறந்து இதே மண்ணில் கிடக்கிறார். அங்கிருந்து, அரச உறவினர்களான நாயக்கர்கள் குடியிருந்ததால் பெயர் பெற்ற மலபார் வீதி. இன்று பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, கடைகளும் வாகனங்களும்தான். ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்து நின்றோம். மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு வழிகாட்டி தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. கண்டியிலிருந்து பஸ் அடுத்தடுத்து ஓடுகிறது, தூரம் ஆறு கிலோமீட்டருக்குள். 1821இல் தொடங்கியது, 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடுகிறது. மரங்களில் பெயர்ப்பலகை உண்டு. கிளை விரித்து ஒரு குடையாகவே பரந்து நிற்கும் ஜாவா அத்திமரத்தடியில் குழந்தையை விட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும். இங்கே வேன்காரர் உங்களுக்குக் கொடுக்கும் ஒரு மணி நேரம் நுழைவுக்கட்டணத்துக்கே காணாது.

கண்டி நடனத்துக்கும் தனிச் சுற்றுலாப் பொதி எதற்கு? மாலை ஐந்து மணியளவில் ஏரியைச் சுற்றியுள்ள மண்டபங்களில் ஒரு மணி நேரக் காட்சி, வாசலிலேயே டிக்கெட். எசல பெரஹெரா நடக்கும் ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்கள் அதை விட்டுவிடலாம், வீதியிலேயே பார்க்கலாம்.

தேயிலைச் சுற்றுலா என்று ஒன்றும் விற்கிறார்கள். ஹந்தானையில், 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலைக்குள் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. கொழுந்து அரைக்கும் பழைய இயந்திரங்களைப் பார்க்க அது நல்ல இடம். தொழிற்சாலைச் சுற்றுலா என்றால் விசாரித்துக்கொண்டு போங்கள். முன்பு நாங்கள் போன ஒன்றில் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் பெயர் பத்துத் தடவை வந்தது. மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்துவந்து கோப்பியும் தேயிலையும் வளர்த்தவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. அந்தச் சுற்றுலாவுக்கு அத்தையை நான் அழைத்துப் போகவில்லை. தோட்டத்தில் அவர் பிறந்த லயத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்.

ஆட்டோவுக்கு வருகிறேன். நகரத்துக்குள் அது தேவையில்லை. அதன் அருமை நகரத்துக்கு மேற்கே தெரியும். கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க என்று மூன்று கோயில்கள் ஒடுங்கிய கிராமப் பாதைகளில் அடுத்தடுத்து இருக்கின்றன. பஸ்ஸை நம்பினால் நாள் போய்விடும், பெரிய வேன் அந்தத் திருப்பங்களில் திணறும். ஆட்டோவில் மூன்று பேர்தான் போகலாம் என்பதால் மறுநாள் காலை அத்தையும் மச்சானின் மனைவியும் அறையில் ஓய்வெடுத்தார்கள். பிக்மீ என்ற வாடகை வண்டிச் செயலியில் வந்த சாரதியிடமே அரைநாளுக்குப் பேசினேன். மூன்று கோயிலின் பெயர், காத்திருக்கும் நேரம், மொத்தத் தொகை, கடை கிடையாது. நான்கையும் சொல்லிவிட்டால் பிறகு வாக்குவாதமில்லை. அவர் வரலாறு சொல்லவில்லை, எங்களுக்கும் தேவைப்படவில்லை. முந்திய நாள் கேட்டதே போதுமாக இருந்தது. வரிசையை மாற்றி, முதலில் ஆட்டோ, பிறகு நடை என்று வைத்திருந்தால் இந்தக் கோயில்கள் எங்களுக்கு வெறும் கல்லும் மரமுமாகப் போயிருக்கும்.

கடலாதெனிய 1344இல் எழுந்தது. கட்டிய சிற்பி கணேசுவராச்சாரி தென்னிந்தியர். கல்லாலான அந்த முகப்பைப் பார்த்தவுடனே மச்சான் "இது நம்ம ஊர்க் கோயில் மாதிரியே இருக்கே" என்றார். எம்பெக்கவில் மரத்தூண்கள், தூணுக்குத் தூண் வேறு வேறு செதுக்கல்: மல்லர்கள், அன்னங்கள், குழந்தைக்குப் பாலூட்டும் தாய். கூரையில் 26 மரங்கள் வந்து ஒரே ஆப்பில் பூட்டப்பட்டிருப்பதைக் குழந்தை எண்ணி எண்ணிப் பார்த்தது.

லங்காதிலகவைக் கடைசிக்கு வைத்தோம். மொட்டைப் பாறைமேல் வெள்ளையாக நிற்கும் கோயில். அதே பாறையில் நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்துக் கல்வெட்டு, சிங்களத்திலும் தமிழிலும். மச்சான் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுக் குனிந்து விரலால் தடவினார். 14ஆம் நூற்றாண்டு எழுத்து எளிதில் பிடிபடவில்லை. மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இது 'க' தானே?"

"இல்லப்பா, 'த' மாதிரி இருக்கு."

கீழே படிக்கட்டடியில் சாரதி ஹாரனை மெல்ல ஒரு தடவை தட்டினார், ரயிலுக்கு நேரமாகிறதென்று. இருவரும் எழுந்திருக்கவில்லை. நான் இறங்கிப்போய் இன்னும் அரை மணி நேரத்துக்குப் பேசிவிட்டு வந்தேன்.