கிச்சன் கப்போர்டு: கதவைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைப் பாருங்கள்

மாடுலர் கிச்சன் கடைக்குள் நுழைந்தால் கண்ணில் படுவது கதவுகள்தான். முகம் பார்க்கலாம் போல மின்னும் அக்ரிலிக், தொட்டால் வழவழவென்று இருக்கும் பி.யு. (பாலியூரிதேன்) பெயின்ட். நானும் அதில்தான் மயங்கினேன். இரண்டே வருடத்தில் சிங்குக்குக் கீழே இருந்த அடிப்பலகை டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உப்பிவிட்டது. ஸ்க்ரூ பிடிப்பு விட்டு, கதவு ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. கதவின் பளபளப்புக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

கதவுக்குப் பின்னால் இருந்த அந்தப் பெட்டி பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சிராய்களையும் பசை சேர்த்து அழுத்திச் செய்வது. விலை குறைவு. ஆனால் வெட்டிய ஓரம் வழியாகத் தண்ணீர் ஏறினால் உப்பியது உப்பியதுதான், காய்ந்தாலும் பழையபடி ஆகாது. மர இழைகளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை, கதவில் டிசைன் குடைவதற்கு அருமையானது. தண்ணீர் விஷயத்தில் சாதா எம்.டி.எஃப்.புக்கும் இதே கதிதான்.

பிளைவுட் அப்படியில்லை. மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால் ஸ்க்ரூவை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதிலும் தரம் பார்க்க வேண்டும். ஐ.எஸ். என்பது இந்தியத் தர நிர்ணய எண். ஐ.எஸ். 710 என்றால் 72 மணி நேரம் தண்ணீரில் கொதிக்க வைத்தாலும் ஒட்டு விடக்கூடாது. ஐ.எஸ். 303-இல் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரைத் தாங்கும்) வகைக்கு அந்தச் சோதனை 8 மணி நேரம். மேல் வரிசைக்கு அந்த 303 போதும், கீழ் வரிசைக்கு 710-தான். பில்லில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பலகையை அறுப்பதற்கு முன்பே அதன் மேல் இந்த எண்ணோடு இருக்கும் முத்திரையை நேரில் பாருங்கள்.

இன்னொன்று, நம் ஊர்ப் பழைய வழி. கடப்பா கல்லை நிறுத்தித் தட்டு போட்டு, முன்னால் சட்டமும் கதவும் மட்டும் வைப்பது. கல்லுக்குத் தண்ணீரும் கரையானும் ஒன்றும் செய்யாது. ட்ராயர் சேனல், அதாவது இழுப்பறை ஓடும் தண்டவாளம், பொருத்துவதுதான் சிரமம். சொந்த வீடு என்றால் சிங்க் அடிக்கு மட்டுமாவது இதையே போடச் சொல்வேன்.

சரி, கதவுக்கு என்ன ஃபினிஷ்? தினமும் தாளிக்கிற வீட்டுக்கு என் ஓட்டு 1 மி.மீ. மேட் லேமினேட்டுக்கு. சூடும் கறையும் தாங்கும், ஈரத்துணியால் துடைத்தால் போதும். வரிவரியாக டெக்ஸ்சர் வைத்தது மட்டும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு அந்த வரிகளுக்குள் போய் உட்கார்ந்தால் பழைய டூத் பிரஷ்ஷை வைத்துத் தேய்க்க வேண்டியிருக்கும். அக்ரிலிக் அழகுதான், ஆனால் கைரேகை பதியும், நாரால் தேய்த்தால் கீறல் விழும். அதை மேல் வரிசையோடு நிறுத்திக்கொள்ளலாம். பி.யு. அழகுக்கு அழகு, விலைக்கு விலை. பாத்திரம் இடித்தால் ஓரம் பெயரும். கதவின் மேல் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாளான மெம்பிரேன் ஃபாயில் அடுப்புச் சூட்டில் உரிந்து வரும். அடுப்புப் பக்கமே வேண்டாம்.

அப்புறம் ஓரப்பட்டை. கதவுகளுக்கு 2 மி.மீ. பி.வி.சி. பட்டை, அதுவும் கையால் ஒட்டாமல் மெஷினில் ஒட்டியதாகக் கேளுங்கள். எல்லா ஓரத்துக்கும் பட்டை ஒட்டுவார்கள். சிங்க் குழாய்க்காகப் பலகையில் போட்ட ஓட்டையின் ஓரத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் ஏறியது அந்த வழியாகத்தான். அங்கே சிலிகான் பூசச் சொல்லுங்கள். பூசி முடிக்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.