வீட்டுச் சிமுலேட்டரில் சினூக்: ஒரு வருஷத்துக்கும் மேலாக ஓட்டிய அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டில் வைத்திருக்கும் சிமுலேட்டரில் இப்போதெல்லாம் சினூக் என்ற இரட்டை ரோட்டர் (சுழலி) கனரக ஹெலிகாப்டரைத்தான் ஓட்டுகிறேன். அதற்கு முன்பு வால் ரோட்டர் உள்ள சாதாரண ஹெலிகாப்டர்கள். அவற்றில் கலெக்டிவை, அதாவது மேலே எழும்ப வைக்கும் நெம்புகோலை, தூக்கினாலே மூக்கு ஒரு பக்கம் திரும்பும். கால் உடனே பெடலை மிதித்தாக வேண்டும். சினூக்கில் முன் ரோட்டரும் பின் ரோட்டரும் எதிரெதிராகச் சுற்றுவதால் ஒன்றின் முறுக்கு விசை மற்றதால் அடிபட்டுப் போகிறது. தூக்கினால் நேராக எழும்பும். காலை சும்மா வைத்திருக்கத்தான் பழக வேண்டியிருந்தது.

இடது பெடலை மிதித்தால் முன் ரோட்டர் இடப்பக்கமும் பின் ரோட்டர் வலப்பக்கமும் சாயும், வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். கூடவே சைக்ளிக்கை, அதாவது சாய்த்துத் திசை கொடுக்கும் கைப்பிடியை, பக்கவாட்டில் கொஞ்சம் கொடுத்தால் மூக்கை அசையாமல் வைத்து வாலை மட்டும் சுற்றவிடலாம், அல்லது வாலை வைத்து மூக்கை. எனக்கு இதில் அலுப்பே வரவில்லை. டர்பனின் வர்ஜீனியா விமான நிலையத்தில் தென்மேற்குக் காற்று பின்னாலிருந்து அடிக்கும்போதும் நிம்மதியாக அந்தரத்தில் நிற்கலாம்.

நிறுத்துவதுதான் பாடு. உச்ச எடை 22,680 கிலோ. காவடித் தேர் மாதிரி, உருள ஆரம்பித்தால் நினைத்த இடத்தில் நிற்காது. போதாக்குறைக்கு, வேகம் கூடக்கூட இரண்டு ரோட்டர்களும் தாமாக முன்னால் சாய்ந்து உடம்பை மட்டமாக வைத்துவிடும். மூக்கின் சாய்வைப் பார்த்து வேகத்தைக் கணிக்க முடியாது, வேக மீட்டரில்தான் கண் இருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்கா-லெசோத்தோ எல்லை மலையில் உள்ள சானி கணவாயின் உச்சி 2,876 மீட்டர். காற்று அடர்த்தி குறைவு, எஞ்சினில் கையிருப்பும் குறைவு. அங்கே பாறை விளிம்பில் பின்சக்கரங்களை மட்டும் ஊன்றி, மூக்கை வெளியே அந்தரத்தில் விட்டு நிற்பது தனி வித்தை. வேகத்தைக் குறைக்க மூக்கைத் தூக்கும்போது வால் தாழும். ரோட்டர் நுனிக்கு நுனி 30 மீட்டர் நீளம், பின்னால் நடப்பது எதுவும் ஓட்டுபவருக்குத் தெரியாது. அடுத்த திரையில் பின்கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா மகன், “மாமா, வால் இறங்குது, இறங்குது!” என்று கத்துவான். நிஜ சினூக்கிலும் பின்னால் ஒருவர் பார்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

தானியங்கி நிலைப்படுத்தியை அணைத்தும் ஒருமுறை பறந்து பாருங்கள். வேகத்தில் மூக்கு எந்நேரமும் ஒரு பக்கம் ஓடப் பார்க்கும். கால் சும்மா இருந்ததெல்லாம் யார் தயவில் என்று அப்போது புரியும்.

அடியில் மூன்று கொக்கிகள். நடுக்கொக்கியில் மட்டும் பெட்டியைத் தொங்கவிட்டால் அது சுழன்று உயிரை வாங்கும். முன், பின் கொக்கிகள் இரண்டிலும் மாட்டினால் அடங்கி வரும், வேகமாகவும் போகலாம்.

சாதனம் வாங்குபவர்களுக்கு: பெடலுக்குக் காசைக் கொட்ட வேண்டாம், மலிவானதே போதும். அந்தப் பணத்தை நல்ல கலெக்டிவ் கைப்பிடியில் போடுங்கள். ஜாய்ஸ்டிக்கில் நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் முதலில் அதைத் தளர்த்துங்கள்.