சேலம் வெண்பட்டு ஒன்பதைந்து: வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு எடுக்கலாமா?

சிங்கப்பூரிலோ டல்லாஸிலோ வளர்ந்த பையனுக்கு ஊரில் கல்யாணம் என்றால், வீட்டார் முதலில் எடுப்பது வெல்க்ரோ வைத்துத் தைத்த பஞ்சகச்சம். மாட்டுவது சுலபம், செல்போனுக்குப் பையும் உண்டு. அதோடு அதன் பெருமை முடிந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்தால் இடுப்பில் பர்ரென்று பிரியும். கொசுவம் தையலோடு விறைத்து நிற்கும். ஏற்கெனவே கூச்சப்படுகிற பையன், மாறுவேடப் போட்டிக்கு வந்தவன் மாதிரி நெளிவான். கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து, புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டையே எடுங்கள். ஆனால் பார்த்து எடுக்க வேண்டும்.

முதலில் அளவு. ஒரு முழம் 18 அங்குலம். ஒன்பதைந்து என்றால் வேட்டி 9 முழம், ஏறக்குறைய 4.1 மீட்டர், அங்கவஸ்திரம் 5 முழம், 2.3 மீட்டர். இடுப்பு 38 அங்குலத்தைத் தாண்டினால் யோசிக்காமல் பத்தாறு கேளுங்கள். நீளம் போதாவிட்டால் கால்களுக்கு நடுவே போய்ப் பின்னால் சொருகும் பின்கச்சத்துக்குத் துணி இழுபடும், உட்கார்ந்து எழுந்ததும் முடிச்சு தளரும். கடையில் டேப் வைத்து அளந்து பார்ப்பதில் வெட்கமே வேண்டாம்.

அடுத்தது பட்டா, கலப்பா? நூலை எரித்துக் காட்டுவார்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் குண்டுமணியாக இறுகும். சூட்சுமம் இங்கேதான்: முனையில் தொங்கும் நூல் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல் மட்டுமே. பாவில் பட்டும் குறுக்கே போகும் ஊடையில் வேறு நூலும் ஓட்டிய துணி இந்தச் சோதனையில் சுகமாகத் தேறிவிடும். ஊடை நூலையும் ஒன்று உருவி எரிக்கச் சொல்லுங்கள். தூய பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் சீட்டு இருந்தால் பாதி வேலை மிச்சம். ஜரிகையை நகத்தால் சுரண்டினால் அசலில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். செம்பு நிறம் தெரிந்தால் அரை ஜரிகை. அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

கட்டுவதற்குப் பழக்கம் வேண்டும். புதுப் பட்டு வழுக்கும், அதனால் உள்ளே பருத்தித் துணியும் மேலே ஒரு பெல்ட்டும் அவசியம். முன்னால் முடிச்சு, ஒரு முனை கால்களுக்கு நடுவே பின்னால் போய்ச் சொருகல், மறு முனை கொசுவி முன்னால் சொருகல். சாதாரணப் பருத்தி ஒன்பது முழத்தில் நாலு தடவை கட்டிப் பழகினால் பட்டு கைக்கு வந்துவிடும்.

“நான் பாதி அந்த ஊர்க்காரன்” என்று தயங்கும் பையனிடம் ஒன்று சொல்லலாம். சேலத்தில் தறி போடும் சௌராஷ்டிரக் குடும்பங்கள் வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ். இன்னொரு நெசவுச் சமூகமான தேவாங்கர்களில் பலர் வீட்டில் பேசுவது கன்னடம் அல்லது தெலுங்கு. இரண்டு பக்கமும் கால் வைத்தவர்கள்தான் தலைமுறை தலைமுறையாக இந்த வேட்டியை நெய்து தருகிறார்கள்.

குறைகளும் உண்டு. வெயில் பட்டால் மஞ்சளடிக்கும். சென்ட் பட்டால் ஜரிகை கறுக்கும். மஞ்சள் கறையில் சோப்பு போட்டால் சிவந்து போகும். குளிர்ந்த நீரில் துளி ஷாம்பூ விட்டு ஒற்றி, நிழலில் உலர்த்தவும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக்கூடாது, பட்டையே அரித்துவிடும். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மடிப்பு மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை ஒடியும்.

தாத்தாவின் அங்கவஸ்திரத்தைப் புது வேட்டியோடு சேர்த்துப் போடும் ஆசை பல வீடுகளில் இருக்கிறது, நல்ல ஆசை. அதை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து மடிப்புகளைப் பாருங்கள். இழை விட்டிருந்தால் தோளில் போட்டதும் கிழியும். பழைய பட்டு யானைத் தந்தத்தின் நிறத்துக்கு ஓடியிருக்கும், பளீர் வெள்ளை அதற்கு ஒட்டாது. அங்கவஸ்திரத்தைக் கடைக்கே எடுத்துப்போய், பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, செயற்கையாக வெளுப்பு ஏற்றாத இயல்பான வெண்மையில் வேட்டி கேளுங்கள்.