கப்பல் ஏறும் நாள்: விமானம் இறங்கி நேரே செல்வதா, முந்தைய நாளே போய்த் தங்குவதா?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சென்று அங்கே மூன்று நான்கு நாள் கப்பல் சுற்றுலாவுக்கு ஏறுகிறவர்கள், விமானச் சீட்டு எடுக்கும்போதே ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். கப்பல் புறப்படும் நாளன்று விடியற்காலையில் இறங்கி நேரே துறைமுகம் செல்லலாம். முந்தைய நாளே போய் ஓர் இரவு தங்கிவிட்டும் ஏறலாம். எழுபதைக் கடந்த என் பெற்றோரை இரண்டு முறை அழைத்துச் சென்றபோது இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டேன்.

முதல் வழியில் விடுதிச் செலவும் ஒரு நாள் விடுப்பும் மிச்சமாகின்றன. சென்னையில் இரவு பதினொரு மணிக்குக் கிளம்பும் விமானம், நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து, அங்கே காலை ஆறு மணியளவில் இறங்கிவிடும். ஆனால் இரு ஊர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் இருப்பதால், உடலுக்கு அது அதிகாலை மூன்றரை மணிதான். சாங்கி விமான நிலையத்திலிருந்து மரினா பே பயணக் கப்பல் முனையம் டாக்சியில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. பயணிகளை ஏற்றுவதோ பெரும்பாலும் முற்பகலின் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. சீக்கிரமே ஏறிவிட்டாலும், மதியம் ஒன்று, இரண்டு மணிக்கு முன் அறை தயாராவது அரிது. முந்தைய இரவு எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் முதுகைச் சாய்க்க ஏறக்குறைய பதினைந்து மணி நேரம் ஆகிறது. இளைஞர்கள் இதைப் பொருட்படுத்த மாட்டார்கள். என் அம்மாவுக்கு அன்று இரு கால்களும் வீங்கி, செருப்பு நுழையவில்லை.

விமானம் தாமதமானால் கப்பலைத் தவறவிடுவோமே என்ற அச்சத்தைப் பலர் முதன்மையாகச் சொல்வார்கள். கப்பல் மாலை நான்கு, ஐந்து மணிக்குப் புறப்படுவதாக இருந்து, நேரடி விமானத்தில் காலையில் இறங்குகிறவர்களுக்கு இந்த அச்சம் சற்று மிகையானது என்பேன். கையில் பத்து மணி நேரம் இருக்கிறது. கொழும்பு, கோலாலம்பூர் வழியாக மாறிச் செல்வோருக்கும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிளம்புவோருக்கும் அது நியாயமான அச்சமே. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. புறப்படுவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கும் மேலோ இருக்கும்போதே முனையத்தில் பதிவை முடித்துவிடுவார்கள். அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடிப்பது என்றால் வேறொரு நாடு, வேறொரு விமானச் சீட்டு என்று நீளும். மூன்று நாள் பயணத்தில் அது ஏறக்குறைய நடவாத காரியம்.

முந்தைய நாளே சென்றால் சிங்கப்பூர் விடுதி வாடகை கையைக் கடிக்கத்தான் செய்யும். நாங்கள் லிட்டில் இந்தியாவில் தங்கி, சிராங்கூன் சாலையில் காலைச் சிற்றுண்டியை முடித்து, பதினோரு மணிக்கு டாக்சி பிடித்தோம். எம்ஆர்டி எனப்படும் நகர ரயிலில் தோபி காட் நிலையத்தில் ஒரு முறை மாறினால் மரினா சவுத் பியர் நிலையத்துக்கே போய்விடலாம் என்றாலும், அங்கிருந்து பெட்டிகளுடன் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் பெரியவர்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

தெளிந்த தலையுடன் கப்பல் ஏறுவதுதான் இந்த வழியின் பெரிய ஆதாயம், ஏனெனில் முதல் நாளில் செய்ய வேண்டியவை பல. சைவ உணவுக்கு உணவகத் தலைமைப் பணியாளரிடம் அன்றே சொல்லி வைப்பது நல்லது. அதைவிட முக்கியம் பாதுகாப்பு ஒத்திகை. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. 2015 முதல் கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ அதை நடத்தியாக வேண்டும். முதல் பயணத்தில் நாங்கள் தூக்கக் கலக்கத்தில் ஒன்றுகூடும் இடத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை அப்பா அந்த இடத்திலிருந்து எங்கள் அறைவரை ஒருமுறை நடந்து பார்த்து, ஆபத்து அறிவிப்பாக ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எங்கே வர வேண்டும் என்பதை அம்மாவுக்குக் காட்டினார்.

எந்த வழியில் போனாலும், முனையத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வரச் சாயங்காலம் ஆகிவிடும். முதல் முறை எங்கள் பெட்டிக்குள் மின்கெண்டி இருந்ததால் அதைத் தனியே நிறுத்திவைத்துவிட்டார்கள். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகளும் அதற்குள்ளேயே இருந்தன. மருந்தும் பாஸ்போர்ட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

இருவராகச் செல்லும் இளையவர்கள், நேரடி விமானம் கிடைத்தால், தயங்காமல் முதல் வழியில் போகலாம். பெரியவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால், பயணத்தை ஓர் ஆண்டு தள்ளிப் போட்டாவது அந்த ஓர் இரவுக்கான பணத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை கப்பல் கரையை விட்டு நகர்ந்ததே என் பெற்றோருக்குத் தெரியாது. அறையில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை இருவரும் மேல்தளக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். நங்கூரமிட்டிருந்த சரக்குக் கப்பல்களை அப்பா எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டார்.